காயலான் கடைக்காரர் வேண்டாம் என்பதில் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருட்களைக் கொண்டு கைவேலை சொல்லிக்கொடுத்துவருகிறேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், வம்பானவை பின்னால்.

எனக்குப் படம் வரையவே வராது. இதெல்லாம் எனக்குச் சரிப்படுமா?

சரிப்படும். படம் வரைகிறவர் வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டும். நம் கையில் இருக்கும் பொருளுக்கோ ஏற்கனவே ஒரு வடிவம், நிறம், தேய்மானம் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். 1942இல் பிக்காசோ ஒரு பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் ஒன்றாகச் சேர்த்துச் சுவரில் மாட்டினார். காளையின் தலை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஓவியர் அதில் ஒரு கோடுகூட வரையவில்லை.

பொறுமை மட்டும் கட்டாயம் வேண்டும். கழுவுவது, காயவைப்பது, தரம் பிரிப்பது ஆகியவற்றுக்கே பாதி நேரம் போய்விடும். அந்தப் பாதி பிடிக்காதவர்களுக்கு மீதிப் பாதியும் கைகூடாது.

எதையெல்லாம் சேர்த்துவைப்பது? என் வீட்டில் ஏற்கனவே இரண்டு மூட்டை இருக்கிறது.

அந்த இரண்டு மூட்டைகளையும் முதலில் காயலான் கடைக்குக் கொண்டுபோங்கள். இரும்பு, அலுமினியம், பித்தளை, காய்ந்த அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில் என்று அவர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அங்கிருந்து ஒழுங்கான மறுபிறவி உண்டு. தண்ணீர் பாட்டில் நூலாகிறது, இரும்பு மறுபடி கம்பியாகிறது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திருப்பித் தள்ளுவதுதான் நம் பங்கு: உடைந்த வளையல், தரை ஓட்டுச் சில்லு, தையல் கடை வெட்டுத்துணி, ஒற்றைச் செருப்பு, தீர்ந்த பேனா, பொத்தான், பிஸ்கட் உறை, கொட்டாங்குச்சி, நனைந்து ஒட்டிப்போன காகிதம்.

அதிலும் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு சில மாதங்கள் அதையே கட்டிக்கொண்டு அழுங்கள். எப்படி வெட்டுப்படும், எங்கே முறியும், எந்தப் பசைக்கு மசியும் என்று ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளவே அவ்வளவு காலம் ஆகும். காயலான் கடைக்காரர் வாங்குவதை அவரிடமே விட்டுவிடுவது என்ற விதியை இந்தப் பக்கத்தில் இன்னும் சில இடங்களில் நினைவூட்டுவேன்.

முதன்முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

காகிதக் கூழ்க் கூடை. பசை வாங்க வேண்டாம், கருவி வேண்டாம், கெட்டுப்போனால் மறுபடி ஊறவைத்துக்கொள்ளலாம். இது புதிய விஷயமும் அல்ல. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்கக் காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்து மெழுகிய பாட்டிமார்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அதே கலவைதான் இதற்கும்.

செய்தித்தாளையோ எழுதி முடித்த நோட்டுத் தாள்களையோ கையால் கிழியுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரத்தில் நார் பிசிறு பிசிறாக நிற்கும். தண்ணீர் அந்த வழியாகச் சீக்கிரம் உள்ளே இறங்கும். ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் அரைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். இரண்டு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து மைய அரைத்துக் கூழோடு பிசையுங்கள். வழுவழுப்பான அந்த வெந்தய விழுதுதான் பசை. ஓர் உருண்டை பிடித்துப் பாருங்கள். உருண்டை விரியாமல் நிற்க வேண்டும், அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்துப் பிழிந்த பழைய துணியைப் போர்த்தி, கூழை அடைபோலத் தட்டித் தட்டிப் பரப்புங்கள். கனம் சுண்டு விரலைத் தாண்டக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டு வாருங்கள். ஓரம் மெலிந்துபோனால் பிறகு அங்கேதான் உடையும். இரண்டு நாள் நிழலில், பிறகு வெயிலில். தட்டினால் டொக் என்று கேட்கும்போது பாத்திரத்திலிருந்து கழற்றிவிடலாம். துணியை உள்ளிருந்து மெதுவாக உரித்துவிடுங்கள்.

மிக்ஸியில் அரைத்தால் மிக்ஸி போய்விடாதா?

கெட்டியாகப் போட்டால் போய்விடும். ஒரு பங்கு ஊறிய காகிதத்துக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, சிறிது சிறிதாக, விட்டுவிட்டு ஓட்டுங்கள். கூழுக்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கிவிடுங்கள். அதில் மறுபடி சட்னி அரைக்கக் கூடாது, அச்சு மை இருக்கும். வீட்டில் ஆட்டுக்கல் கிடந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மிக்ஸியின் கத்தி நாரை நறுக்கிவிடும், கல் அதை நசுக்கிப் பிரிக்கும். நீளமான நார் இருந்தால் கூடை உறுதியாக இருக்கும்.

எல்லாக் காகிதமும் கூழாகுமா?

ஆகாது. வழவழப்பான வார இதழ்த் தாளில் வெள்ளை மண் பூச்சு இருக்கிறது, எவ்வளவு அரைத்தாலும் கூழில் ஒட்டும் தன்மை குறைவாகவே இருக்கும். அதைச் சுருட்டிக் குழல் செய்யவும் மணி செய்யவும் வைத்துக்கொள்ளுங்கள். பால் அட்டைப்பெட்டியில் காகிதத்தோடு பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும், அது கூழுக்கு உதவாது. கடைகளில் தரும் வழுவழுப்பான பில், ஏ.டி.எம். சீட்டு போன்றவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். அவற்றில் பலவற்றின் பூச்சில் பிஸ்பினால் என்ற வேதிப்பொருள் இருப்பதால், கையால் பிசையும் கூழில் அவற்றைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

காய்ந்ததும் விரிசல் விட்டுவிட்டது. இன்னொன்றில் பூசணம் பிடித்துவிட்டது. என்ன தப்பு?

இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். காய்கிறபோது கூழ் சுருங்கும். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருந்தால் மேல்தோல் வெடிக்கும். அதனால்தான் முதலில் நிழல் என்றேன். பிழிவது போதவில்லை என்றாலும் சுருக்கம் அதிகமாகும். கூழில் இரண்டு மூன்று பிடி சுண்ணாம்புக்கட்டித் தூள் சேர்த்தால் சுருக்கம் குறையும், மேற்பரப்பும் வழவழப்பாக வரும்.

பூசணம் பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். தை முதல் சித்திரை வரை அருமையான காலம். கனமான உருவம் வேண்டுமென்றால் ஒரே நாளில் அப்பாமல், ஓர் அடுக்கு காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு என்று போங்கள்.

இது எத்தனை நாள் தாங்கும்? பூச்சி அரித்துவிடாதா?

ஈரம் படாமல் வைத்தால் தலைமுறை தாண்டும். பண்ருட்டிப் பக்கம் செய்யும் கொலு பொம்மைகளில் காகிதக் கூழ் பொம்மைகள் உண்டு. மண் பொம்மையைவிட எடை குறைவு, கைதவறினாலும் சுக்குநூறாகாது. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காஷ்மீரில் இது இரண்டு தனித் தொழில். கூழில் உருவம் செய்கிறவர் சக்த்சாஸ், அதன்மேல் வண்ணம் தீட்டுகிறவர் நக்காஷ்.

பூச்சி என்றால், வெந்தயத்தின் கசப்பு ஓரளவு காக்கும். மைதாப் பசை சேர்த்திருந்தால் கட்டாயம் பூச்சி வரும். பழைய புத்தகங்களுக்குக் கட்டு போடுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது அதனால்தான். ஆனால் மயில்துத்தம் விஷம். குழந்தைகள் உட்கார்ந்து செய்கிற இடத்தில் அது வேண்டாம், வெந்தயமும் புளியங்கொட்டைப் பசையும் போதும். கரையானுக்கு ஒரே வழி, சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் இருப்பது.

அந்தக் கூடையில் முறுக்கு, அதிரசம் வைக்கலாமா?

கூடாது. அச்சு மை உணவில் படக் கூடாது என்பதால்தான் பலகாரத்தைச் செய்தித்தாளில் மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அரைத்துவிட்டால் மை எங்கும் போய்விடாது. மேலே வார்னிஷ் அடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். அந்த வார்னிஷும் சாப்பிடும் பொருளல்ல. சாவி, ஊசி நூல், பூஜைக்குப் பறித்த பூ ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பசை எதற்கு? எல்லாவற்றுக்கும் ஃபெவிகால் போதாதா?

போதாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, காகிதம், அட்டை, துணி, மரம் போன்ற ஈரத்தை உறிஞ்சும் பொருட்களுக்கு. கண்ணாடியும் இரும்பும் ஈரத்தை உறிஞ்சாது. பசை மேலோடு ஒரு தோலாகக் காய்ந்து பிறகு உரிந்துவரும். அவற்றுக்கு அரால்டைட் போல இரண்டு குழாய் கலந்து பூசும் பசை வேண்டும். ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுங்கள். நொடியில் ஒட்டும் ஃபெவிக்விக் வகை சிறிய துண்டுகளுக்கு மட்டும். அதன் ஒட்டு கெட்டியானது, ஆனால் தட்டினால் முறியும்.

என் வகுப்பில் நான் அதிகம் சொல்வது, பசையே இல்லாமல் சேர்க்க முடியுமா பாருங்கள் என்பதுதான். துளை போட்டுக் கம்பியால் கட்டுவது, தைப்பது, பின்னுவது, சொருகுவது. பசை இல்லாத பொருளைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். கம்பிக்கட்டு பசையைவிட நீண்ட காலம் நிற்கும்.

பாட்டிலில் அடித்த பெயின்ட் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவருகிறது.

பாட்டிலில் இருக்கும் எண்ணெய்ப்பிசுக்கும் வழவழப்பும் காரணம். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, உப்புத்தாளால் மேற்பரப்பு மங்கும் வரை தேய்த்து, பிரைமர் ஒரு கை பூசி, அது காய்ந்த பிறகு வண்ணம் அடிக்க வேண்டும். அப்போது பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தப் பாட்டிலுக்கு ஏன் பெயின்ட்? அதன் நிறத்தையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் மறைத்துவிட்டுப் பொன்வண்ணம் பூசினால், பூச்சாடி கடையில் வாங்கியதுபோல இருக்கும். கடையில் வாங்கியதுபோல இருப்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு?

தெர்மாகோலை வைத்துச் சிற்பம் செய்யலாமா? ஸ்பிரே அடித்தால் கரைந்துபோகிறதே.

ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் வண்ணம் பூசினால் ஒன்றும் ஆகாது. டி.வி., பிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோலைப் பயன்படுத்துங்கள், நல்லதுதான். காயலான் கடையில் அதைத் தொடவும் மாட்டார்கள்.

ஆனால் புதிதாக வாங்காதீர்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறை பிளாஸ்டிக் பட்டியலில் இருக்கிறது. இன்னொன்று, கத்தியால் சீவும்போது பறக்கும் வெள்ளை மணிகளைப் பிடிக்கவே முடியாது. வாசலில் உட்கார்ந்து வெட்டினால் தெரு முழுக்கப் போகும், அங்கிருந்து சாக்கடைக்கு.

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

வீட்டில் வேண்டாம். எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 ஷாம்பூ டப்பா வகை, 3 பி.வி.சி., 5 சாப்பாட்டு டப்பா வகை, 6 தெர்மாகோலின் இனம். இதில் பி.வி.சி.யைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூக்கும் தொண்டையும் எரியும், நுரையீரலுக்கும் கேடு. எண் அழிந்துபோன துண்டு எது என்று உங்களுக்கும் தெரியாது, அடுப்புக்கும் தெரியாது.

வெட்டலாம், மடிக்கலாம், பின்னலாம். தண்ணீர் பாட்டிலை ஒரே நீள நாடாவாகச் சுற்றிச் சுற்றி வெட்டிக் கட்டில் நாடாபோலப் பின்னுகிறார்கள். அதற்கு நெருப்பே வேண்டாம்.

எதைத் தொடவே கூடாது?

டியூப்லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் முதலில். உள்ளே பாதரசம் இருக்கிறது. பழைய பெட்டி டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது. பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, ஊசி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு எதையும் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. கணினிப் பலகை பார்க்க அழகாக இருக்கும், நகரத்தின் வரைபடம்போல. அப்படியே ஒட்டுங்கள், ஆனால் அறுக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள். அதன் பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்கலாம்.

பலர் நினைத்தே பார்க்காத ஒன்று பழைய கதவும் சன்னலும். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் பெயின்டைச் சுரண்டும்போது எழும் தூசி, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் மிகவும் ஆபத்து. அந்தப் பழைய நிறம் பிடித்திருந்தால் சுரண்டாமல் மேலே வார்னிஷ் பூசி மூடிவிடுங்கள்.

உடைந்த வளையல் நிறைய இருக்கிறது. ஒட்டிப் படம் செய்வதைத் தவிர வேறு வழி?

முந்தைய தலைமுறைச் சிறுமிகளைக் கேளுங்கள். கண்ணாடி வளையல் துண்டை விளக்குச் சுடரில் காட்டி, இளகும்போது வளைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்வார்கள். அம்மன் படத்தைச் சுற்றித் தொங்கவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் இடுக்கி பிடித்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்யலாம். இப்போது வரும் பிளாஸ்டிக், மெட்டல் வளையலில் இது நடக்காது. பிளாஸ்டிக்கை நெருப்பில் காட்டுவது பற்றி மேலே சொன்னது அதற்கும் பொருந்தும்.

பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவையை வெட்டித் தைக்கலாம் என்று நினைக்கிறேன். மனசு வரவில்லை.

மனசு வரும் வரை வெட்டாதீர்கள். அதற்குள் ஜரிகையைப் பார்த்துவிடுங்கள். ஓர் இழையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பட்டு வாங்குகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு வருகிறார்கள். விற்கப்போகிறீர்களோ இல்லையோ, மதிப்பு தெரிந்து வெட்டுவது வேறு.

பட்டு மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் கிழியும். அந்த இடங்களைத் தவிர்த்துத் துண்டு எடுங்கள். நூல் சேலையாக இருந்தால் வங்காளத்துக் காந்தா முறை இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி வைத்து, ஒன்றின் கரையிலிருந்தே நூலை உருவி ஓட்டுத்தையல் போடுவார்கள். துணியும் நூலும் அதே சேலை. புதிதாக எதையும் வாங்காத கைவேலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகைகளில் சாமி படம் இருக்கிறது. குப்பையில் போடவும் மனமில்லை, வெட்டவும் பயமாக இருக்கிறது.

எல்லா வீட்டிலும் ஒரு அலமாரித் தட்டு இந்தப் பயத்தால்தான் நிரம்பியிருக்கிறது. படத்தை முகம் சிதையாமல் தனியாக நறுக்கி எடுத்து, சேர்த்து ஒட்டிப் பூஜை அறைக்கு ஒரு சட்டமாக்கிவிடுங்கள். மீதி அட்டை கெட்டியானது, பொன்னச்சும் மணமும் இருக்கும். மொய்க்கவர், புத்தக அடையாளம், சிறு பெட்டி எல்லாம் வரும். சாமி படத்தை மிதிபடும் பொருளிலும் செருப்பு வைக்கும் இடத்திலும் மட்டும் பயன்படுத்த வேண்டாம். நம்பிக்கை இல்லாதவர்கள் வாங்கினாலும் வந்துபோகிறவர்கள் பார்ப்பார்கள்.

இதோடு சேர்ந்து வரும் கேள்வி, காகிதக் கூழில் பிள்ளையார் செய்து கரைக்கலாமா என்பது. காகிதம் கரையாது. நார் நாராகப் பிரிந்து மிதக்கும், பிறகு அடியில் படியும். கரைக்க வேண்டிய பிள்ளையார் களிமண்ணிலேயே இருக்கட்டும். கூழ்ப் பிள்ளையார் கொலுப்படியில் உட்காரட்டும்.

பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டி. நாளைக் காலைக்குள் வேண்டும். என்ன செய்வது?

பெற்றோர்களின் இரவு எட்டு மணிக் கேள்வி இது. அதற்காக எழுதுபொருள் கடைக்கு ஓடி மினுமினுப்புத் தாள், ஐஸ் குச்சி, புதிய பேப்பர் கப் எல்லாம் வாங்குகிறார்கள். இல்லாத வேஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்கும் இந்தக் கூத்தை ஆசிரியர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஓடாதீர்கள். வீட்டில் இருப்பதை வைத்து ஓடும், சுழலும், சத்தம் போடும் ஒரு பொம்மையைக் குழந்தையே செய்யட்டும். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேனா, செய்தித்தாள் ஆகியவற்றில் நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகளைச் செய்து காட்டியிருக்கிறார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தீக்குச்சிகளை வால்வு டியூப் துண்டுகளில் சொருகி முக்கோணம், சதுரம் செய்து அழுத்திப் பார்த்தால் எது நசுங்குகிறது, எது நிற்கிறது என்று குழந்தைக்கே புரியும். பரிசு கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், இதனால் ஊரில் குப்பை குறைகிறதா?

அளவில் பார்த்தால் இல்லை. ஒரு தெருவின் ஒரு நாள் குப்பையை நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு மாதத்தில் கலையாக்க முடியாது. சில நேரம் நிலைமை மோசமாகவும் ஆகிறது. காயலான் கடைக்குப் போயிருந்தால் நூலாகியிருக்கும் பாட்டில், பெயின்ட், மினுமினுப்பு, பசை எல்லாம் ஏறிய பிறகு யாருக்கும் வேண்டாத பொருளாகிவிடுகிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன விதி இதற்காகத்தான்.

பிறகு ஏன் செய்ய வேண்டும்? ஒரு பொருளைத் தரம் பிரித்துப் பழகியவர் அடுத்த முறை கடையில் அதை வாங்கும்போது யோசிக்கிறார். என் வகுப்பில் பிஸ்கட் உறைகளைக் கழுவி அடுக்கிய பெண்கள் பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது போக, கைக்கு வேலையும் கண்ணுக்கு அழகும் கிடைப்பது போதாதா?

செய்தித்தாளுக்கும் கடையில் காசு தருகிறார்களே. உங்கள் விதிப்படி அதையும் விற்க வேண்டும் அல்லவா?

சரியாகப் பிடித்தீர்கள். மடிப்புக் கலையாத, காய்ந்த செய்தித்தாளை விற்றுவிடுங்கள். கூழுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நனைந்தது, கிழிந்தது, எண்ணெய் படாத கசங்கல், சுருணையாக வரும் அச்சக வெட்டுக் காகிதம். சிவகாசியில் அச்சகத்து வாசலில் நின்றால் அந்தக் கீற்றுகள் எவ்வளவு விழுகின்றன என்று தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வொரு முறை மறுசுழற்சி ஆகும்போதும் காகித நார் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்குமேல் தாள் செய்ய அது உதவாது. அந்த நிலையில் இருக்கும் மட்டமான அட்டை, முட்டைத் தட்டு போன்றவை கூழ்க் கூடைக்கும் பொம்மைக்கும் தாராளமாகப் போதும்.

என்னதான் சொன்னாலும் இது கைவேலைதானே. கலை என்று எப்படிச் சொல்வது?

கைவேலை என்றால் மட்டமா? இருந்தாலும் கேட்டதால் இரண்டு பேரைச் சொல்கிறேன். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், புது நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் சிதிலங்களை 1957 முதல் சைக்கிளில் ஏற்றிச் சென்று, கட்டடம் கட்டக் கூடாத ஒரு காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் உருவங்கள் செய்தார். உடைந்த வளையல், பீங்கான் கழிப்பறைத் துண்டு, மின்கம்பப் பீங்கான், பாட்டில் மூடி. எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. 1976இல் பாறைத் தோட்டமாகத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. அங்கே வரிசையாக நிற்கும் வளையல் உடம்புப் பெண்களைப் பார்த்தால், அவர் எந்த வளையலையும் வேறு ஏதோ ஒன்றாக மறைக்கவில்லை என்பது புரியும்.

கானாவில் பிறந்து நைஜீரியாவின் நசூக்காவில் வாழ்ந்து வேலை செய்த எல் அனட்சுயி, மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி நசுக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்துச் சுவரளவு துணிபோலத் தொங்கவிடுகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் பொற்பட்டு, கிட்டே போனால் சாராயக் கம்பெனிப் பெயர்கள். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுவந்து வணிகம் செய்த வரலாறு அந்த மூடியிலேயே இருக்கிறது. 2015இல் வெனிஸ் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. என் கணக்கு இதுதான்: பழைய பொருளை மறைத்தால் அலங்காரம், அதன் பழைய வாழ்க்கையும் சேர்ந்து பேசினால் கலை. இரண்டும் பிழைப்புக்கு உதவும், சண்டை வேண்டாம்.

விற்கலாமா? 'குப்பையில் செய்ததற்கு இவ்வளவு விலையா' என்கிறார்கள்.

பொருளுக்கு விலை இல்லை, நேரத்துக்கு உண்டு. உங்கள் ஊரில் ஒரு தையற்காரரின் நாள் கூலி என்னவோ அதை எட்டால் வகுத்து, நீங்கள் கழுவிய நேரத்தையும் சேர்த்துப் பெருக்குங்கள். பசை, வண்ணம், பெட்டி, பஸ் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே விற்றால் அது தொழில் அல்ல, தானம். விலைச் சீட்டில் 'குப்பையிலிருந்து' என்று எழுதாதீர்கள். 'வெட்டுத்துணியில் கையால் தைத்தது' என்று பொருளின் பெயரைச் சொல்லுங்கள், பேரம் பாதியாகக் குறையும்.

நிறுவனங்களின் பெயர் தெரியும் உறையில் பை செய்து விற்பது பற்றியும் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சின்னமே உங்கள் பொருளின் முகமாக இருந்தால், அந்த நிறுவனமே தயாரித்தது என்று வாங்குகிறவர் நினைக்க இடமுண்டு. வணிகச் சின்னச் சிக்கல் அங்கேதான் தொடங்கும். பட்டையாக வெட்டிப் பின்னிவிட்டால் நிறம் மட்டும் மிஞ்சும், பெயர் மறைந்துவிடும்.

டயர், பாட்டில், கொட்டாங்குச்சி எல்லாம் வைத்து மொட்டை மாடியில் பெரிதாக ஒரு சிற்பம் செய்யப்போகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். ஒரு கொட்டாங்குச்சி அளவு போதும். முட்டை கொசுவாகி வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரியும். டயரின் உள்வளைவில் நிற்கும் நீரைக் கவிழ்த்துக்கூட முழுதாகக் கொட்ட முடியாது. எனவே ஒவ்வொரு டயரின் அடியிலும் நான்கைந்து துளை, கொட்டாங்குச்சியின் கண்ணைக் குத்தித் திறந்துவிடுவது, பாட்டிலைக் கவிழ்த்தே பொருத்துவது. ஆய்வுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கலை என்று சொன்னால் எடுபடாது.

பிறகு காற்று. ஆடி மாதத்தில் மாடியில் எதுவும் சும்மா நிற்காது. எடை அடியில் இருக்கும்படி டயருக்குள் செங்கல் உடைசலை நிரப்பி, கைப்பிடிச் சுவரோடு கம்பியால் கட்டிவிடுங்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் இரண்டு கோடைக்குள் நொறுங்கத் தொடங்கும். அதனால் பாட்டில் பகுதிகளைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி கம்பியில் கோத்துவையுங்கள், ஒட்ட வேண்டாம்.